ஒரு செக்கனுக்குத் தண்டனையா?

2012 ஜூன் 30 நள்ளிரவில் உலக நேரத்தோடு ஒரு செக்கனைக் கூட்டினார்கள் (எங்களுக்கு அது அடுத்தநாள் விடிய 5.30). பூமி சுற்றுவதில் கொஞ்சம் சுணங்குது, அதுக்காக. லினக்ஸ் கேர்னலின் மணிக்கூடு திருந்தியது. ஆனால் உள்ளே இருக்கிற டைமர்களுக்கு அதை ஒருத்தரும் சொல்லேல்ல. அவை ஒரு செக்கன் முந்தியே நின்றன. 'நேரம் வந்திட்டுது' எண்டு ஓயாமல் எழும்பின. சேர்வர்கள் திணறின, ரெடிட் விழுந்தது.

கைமருந்து என்ன தெரியுமோ? இருக்கிற நேரத்தையே திரும்ப ஒருக்கா செட் பண்ணுறது! டைமர்களுக்கும் சேதி போய்விடும். பிறகு வந்த திருத்தமும் கிட்டத்தட்ட அதுதான்.

2022இல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு 2035க்குள் இந்தச் செக்கன் கூட்டுறதையே கைவிடுறது எண்டு முடிவெடுத்தது. எனக்கு உடன்பாடில்லை. பிழை சேதி சொல்லாத நிரலில். அதுக்கு ஏன் மணிக்கூட்டை வானத்திலிருந்து பிரிக்க வேணும்?