'தேய்மானம்' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள் ஐயா



இரண்டு நாளாக நம்ம திருத்தணி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பளபளவென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது. கடைசியில் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கீழே ஒரே சிரிப்புப் பொம்மைகள். "கோடி ரூபாய் வண்டிக்கும் இந்தக் கதிதானா!" "பணக்காரன் பிரச்சினை, நமக்கு எதுக்கு சார்?"

நமக்கு எதுக்கா? சொல்கிறேன். நீளமாகத்தான் சொல்வேன். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள் இப்போது ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

ஸ்டியரிங் பூட்டு என்பது பெரிய மந்திரம் இல்லை. ஸ்டியரிங் தண்டில் ஒரு பள்ளம், அதற்குள் போய் உட்கார ஓர் எஃகு முளை. சாவியை எடுத்ததும் ஸ்பிரிங் அந்த முளையைத் தள்ளும். சாவியைப் போட்டுத் திருப்பினால் முளை பின்வாங்கும். நம்ம ஊர் பழைய ஆம்னியிலும் இதுதான். புதுக் கார்கள் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு சின்ன மோட்டார், அதற்குக் கட்டளை கொடுக்க ஒரு மின்னணுப் பெட்டி. திருடனைத் தடுக்க வந்த சாதனம் இது. திருடனுக்குப் பூட்ட வேண்டியது ஓட்டுகிறவனுக்குப் பூட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காரே பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் செவ்ரோலெட் கார்வெட் என்று ஒரு கார். 1997 முதல் 2004 வரை வந்த மாடலில் மின்னணு ஸ்டியரிங் பூட்டு இருந்தது. காலையில் சாவி போட்டால் சில வண்டிகளில் பூட்டு திறக்காது. முன்பலகையில் 'சர்வீஸ் காலம் லாக்' என்று எழுத்து வரும். இது எரிச்சல்தான், ஆபத்து இல்லை. ஏனென்றால் பூட்டு திறக்காத வண்டி மெல்ல நகர்ந்தாலே எரிபொருள் தானாக நின்றுபோகும்படி வைத்திருந்தார்கள். ஆனால் சில நேரம் அந்தக் காவலும் வேலை செய்யாமல் போகலாம் என்று தெரிந்தது. அதாவது ஸ்டியரிங் பூட்டியபடியே வண்டி வேகம் எடுக்கலாம். யோசித்துப் பாருங்கள்!

2004-ல் அந்தக் கம்பெனி லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. "தேய்மானம் சார், உங்க பக்கம்தான் தப்பு" என்று பில் நீட்டவில்லை. கம்பெனிக்காரர்கள் தர்மவான்கள் என்பதால் இல்லை. அங்கே இதற்குச் சட்டம் இருக்கிறது. அதைவிட முக்கியம், அங்கே வண்டிக்காரன் புகாரை எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புகிறான்.

இங்கே என்ன நடக்கிறது? என் உறவினர் ஒருவருடைய சின்னக் கார். வாங்கி நான்கு வருடம். மூன்று முறை ஸ்டியரிங் பூட்டு சிக்கியது. சர்வீஸ் சென்டரில் (பெயர் வேண்டாம்) முதல் முறை எண்ணெய் தெளித்தார்கள். இரண்டாம் முறை "சாவியை முரட்டுத்தனமா திருப்பறீங்க" என்றார்கள். மூன்றாம் முறை முழு செட்டையும் மாற்றி, ஐந்து இலக்கத்தில் பில் போட்டார்கள். ஜாப் கார்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'ஜெனரல் செக்கப்.' ஸ்டியரிங் என்ற சொல்லே அதில் இல்லை. என் கோபம் முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான். பில் தொகை கூட எனக்கு இரண்டாம் பட்சம்.

ஏன் என்று கேளுங்கள். நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. (ஏப்ரல் 1 என்றதும் நம்ம ஊர்க்காரர்களுக்கு வேறொன்று நினைவு வர வேண்டும். 1960-ல் அதே நாளில்தான் ஆந்திரத்திலிருந்த திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. போராடி வாங்கிய ஊரில் இருந்துகொண்டு நாம் ஒரு புகார் எழுதச் சோம்பல் படுகிறோம்.) ஓட்டுநருக்கோ, பயணிக்கோ, சாலையில் போகிறவருக்கோ தீங்கு தரக்கூடிய குறை ஒரு வகை வண்டியில் இருந்தால், அந்த வகை வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு கம்பெனிக்கு உத்தரவிடலாம். அபராதம் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை.

ஆனால் எப்போது உத்தரவிடும்? இத்தனை சதவீத உரிமையாளர்கள் புகார் சொன்னால், அல்லது சோதனை நிறுவனம் சொன்னால், அல்லது வேறு வழியாகத் தெரிய வந்தால். முதல் வழிதான் நம் கையில் இருப்பது. அந்தக் கணக்கில் 'ஜெனரல் செக்கப்' சேராது. டீக்கடையில் புலம்பியதும் சேராது. மெக்கானிக் கடையில் முளையை வெட்டி எடுத்துவிட்டு வந்ததும் சேராது. எழுதிக் கொடுத்தது மட்டுமே சேரும். ஆயிரம் பேருக்கு ஸ்டியரிங் பூட்டு சிக்கியிருந்தாலும், ஆயிரம் பேரும் காசு கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால், அரசாங்கக் கணக்கில் அந்த வண்டி பத்தரை மாற்றுத் தங்கம்!

சட்டத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. ஏழு வருடத்துக்கு மேலான வண்டிக்கு இந்த விதி பொருந்தாது. நம்ம ஊரில் பாதிப் பேர் ஓட்டுவது இரண்டாம் கை வண்டி, பத்து வருடம், பன்னிரண்டு வருடம். பூட்டு தேய்வதே அந்த வயதில்தான். இரண்டாவது, ஏசி காற்று வரவில்லை என்பதற்குச் சதவீதம் பார்க்கலாம். ஸ்டியரிங் பூட்டுவதற்குமா? ஒரு வண்டியில் நடந்தாலே விசாரிக்க வேண்டாமா?

"ஓட்டும்போது பூட்டாது சார், சாவியை எடுத்தால்தான் பூட்டும்" என்று ஒரு தம்பி குழுவில் எழுதியிருந்தான். நல்ல நிலையில் உள்ள பூட்டுக்கு அது சரி. தேய்ந்த பூட்டில் ஓடும் வண்டியிலேயே சாவி கழன்று வருவதைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இதோடு நம் பழக்கம் ஒன்றும் சேருகிறது. மலையிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைப்பது. கிருத்திகை அன்று மலைப்பாதையில் நின்று பாருங்கள், சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும் வண்டிகளை. இயற்பியல் வாத்தியாராகச் சொல்கிறேன்: இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் தானாகவே நின்றுவிடும். அணைப்பதால் மிச்சமாவது ஒன்றுமில்லை. பவர் ஸ்டியரிங் போகும். இரண்டு மூன்று மிதியில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் தீரும். கை பழக்கத்தில் சாவியை இன்னும் ஒரு சுற்று திருப்பி வெளியே எடுத்துவிட்டால் முளை போய் உட்காரும். திரும்பவேண்டிய இடத்தில் வண்டி நேராகப் போகும். மலையில் நேராகப் போனால் எங்கே போவோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, சாவிக்கொத்து. படி ஏறும் வழிக் கடைகளில் வாங்கிய வேல், மயில், அதோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி, பூட்டாத கடைச் சாவி. எல்லாம் சேர்ந்து ஓட்டம் முழுக்க ஆடி, சாவி போடும் உருளையைத் தேய்க்கிறது. 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 26 லட்சம் சின்னக் கார்களைத் திரும்ப அழைத்தது இக்னிஷன் சுவிட்ச் குறைக்காகத்தான். கொத்தின் கனத்திலோ குலுக்கலிலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும் வண்டி அணைந்துபோனது. காற்றுப் பை விரியவில்லை. 124 சாவுகளுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். கம்பெனிக்குள் சிலருக்குப் பல வருடம் முன்பே தெரிந்திருந்தது. அப்போது உரிமையாளர்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை, சாவியில் வேறு எதையும் மாட்டாதீர்கள் என்பது. வேலைக் கண்ணாடி அருகே தொங்கவிடுங்கள். முருகன் கோபிக்கமாட்டார்.

பூட்டு சிக்கினால் சாவியோடு மல்லுக்கட்டாதீர்கள். சக்கரம் கல்லிலோ ஓரத்திலோ முட்டி நின்றிருந்தால் தண்டு முளையை அழுத்திப் பிடித்திருக்கும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். மின்னணுப் பூட்டு என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். திரும்பத் திரும்பச் சிக்கினால் அது குறை. ஜாப் கார்டில் 'ஸ்டியரிங் பூட்டு திறக்கவில்லை' என்று உங்கள் கண்முன் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியைக் கொடுக்காதீர்கள். பிறகு மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் ரீகால் புகார் பதியுங்கள். காசு பிடுங்கியிருந்தால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

கம்ப்யூட்டர் தெரியாது என்பவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு வரலாம். ஆர்.சி., சர்வீஸ் பில், ஜாப் கார்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து எழுதுவோம். சிரிப்புப் பொம்மை போட்டவர்களும் வரலாம், காபி உண்டு.