விட்டுப்போன ஓர் எண்

சென்ற வாரம் இந்த நெய்வேலி நகரியத்தில் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி கண் கலங்கி நின்றாள். 60 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை எல்லாம் எழுதச் சொல்லியிருந்தேன். பதினொன்று எழுதிவிட்டாள், 15 மட்டும் விட்டுப்போயிற்று. "சிரத்தை இல்லாதவர்களுக்குக் கணக்கு எப்படி அம்மா வரும்?" என்று கடிந்துகொண்டேன். அந்தச் சொல் எவ்வளவு பெரியவர்மீது போய் விழுகிறதென்பது வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

60 ஒரு விசேஷமான எண். அதற்கு 12 வகுத்திகள் உண்டு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. அறுபது லட்டுகளை இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர் என எவ்வகையிலும் உடைக்காமல் பங்கிடலாம். இவ்வாறு, தன்னிலும் சிறிய எண்கள் யாவற்றையும்விட அதிக வகுத்திகளை உடைய எண்களைப் பற்றிக் கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1915-ஆம் வருஷம் ஒரு நீண்ட கட்டுரையை லண்டனில் வெளியிட்டார். அதன் பொருட்டே 1916-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பட்டம் அளித்தது.

அக்கட்டுரையில் அத்தகைய எண்கள் 102 அடங்கிய பட்டியல் ஒன்று உண்டு. அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. 2-ஐ ஆறு தடவையும், 3-ஐ நான்கு தடவையும், 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு தடவையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு தடவையும் வைத்துப் பெருக்கினால் அது வரும். அதன் வகுத்திகளை ஒவ்வொன்றாகத் தேடவேண்டியதில்லை. ஒரு வகுத்தியில் 2 என்பது ஒரு தடவையும் வராமலிருக்கலாம்; ஆறு தடவை வரையிலும் வரலாம்; ஆக ஏழு வழி. அப்படியே 3-க்கு ஐந்து வழி, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இவ்விரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080 வகுத்திகள்!

ஆனால் அந்தப் பட்டியலிலும் ஓர் எண் விட்டுப்போயிற்று. அது 2,93,31,86,25,600. அதற்கு 5,040 வகுத்திகள். வேடிக்கை என்னவென்றால், பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது இதுவே. ராமானுஜனுக்குச் சிரத்தை இல்லை என்று யாரேனும் சொல்லத் துணிவார்களா?

பிழையைத் திருத்தத்தான் வேண்டும். எனினும் பிழை வேறு, அசிரத்தை வேறு. மறுநாள் அச்சிறுமியை அழைத்து இதைச் சொன்னேன். பொறுமையாக 23-ஆல் வகுத்துப் பார்த்து நிமிர்ந்தாள்.

"அவருக்கும் ஒன்றுதான் விட்டுப்போயிற்றா, ஸார்?"

"ஒன்றேதான், அம்மா. மற்ற 102-ம் சரி. நீ எழுதிய பதினொன்றும் சரியாகவே இருந்தன, நான்தான் அவற்றை எண்ணத் தவறிவிட்டேன்" என்றேன்.