ஆந்தை பகலில் வருமா, சார்?

ரசிகமணி டி.கே.சி. (1882–1954) படிப்பால் வக்கீல். எந்தக் கல்லூரியிலும் தமிழாசிரியர் வேலை பார்த்தவரில்லை. ஆனாலும் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டமும், பிறகு அவருடைய குற்றாலத்து வீடும்தான் நம் பக்கத்தின் ஆகச் சிறந்த தமிழ் வகுப்புகள். அவரிடம் பாட்டுக் கேட்டவர்களில் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் கலெக்டரானார், எஸ். மகராஜன் உயர்நீதிமன்ற நீதிபதியானார். இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வந்தார்கள். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினாலும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னவர் கி.ரா. அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்? டி.கே.சி. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்பவர் முகம் மலரும்போது சொன்னவருக்கே அது புதுப்பாட்டாகிவிடும்.

அப்படிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் கிடைக்கும் வாய்ப்பு பாவூர்சத்திரம் வட்டாரப் பள்ளிகளில் இன்றும் இருக்கிறது. விடியுமுன் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு வரும் பிள்ளைகள், அம்மாவோடு பீடி சுற்றும் பிள்ளைகள், கீழப்பாவூர்க் குளத்தங்கரையில் வளர்ந்த பிள்ளைகள். இவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

நண்பர் ஒருவர் வகுப்பில் குற்றாலக் குறவஞ்சி நடந்தது. அதைப் பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் நமக்கு அடுத்த ஊர்க்காரர். பறவை பிடிக்கும் குறவன் சிங்கன் கண்ணி வைக்கப் போகிற இடத்தில் பறவைகள் வரிசையாக வருகின்றன: புறா, ஆந்தை, மீன்கொத்தி, மரங்கொத்தி, கிளி. கடைசிப் பெஞ்சுப் பையன் எழுந்தான். "சார், ஆந்தை பகல்ல மீன்கொத்தி கூட வருமா? மரங்கொத்திக்கு வயல்ல என்ன சார் சோலி?"

நண்பருக்குப் பதில் வரவில்லை. இருபது வருஷமாக நடத்துகிற பாட்டு அது. அவர் அவனை உட்காரச் சொல்லாமல், பாட்டை மறுபடி மெதுவாக வாசித்தார். ஒரு பெண் சொன்னாள்: "கண்ணி வைக்கப் போறவனுக்கு எல்லாப் பறவையும் வார மாதிரிதான் சார் இருக்கும்."

நாங்கள் பார்த்த உரை எதிலும் இது இல்லை. வெறும் பட்டியலென்று தாண்டிப்போன வரிகளில் சிங்கனின் ஆசை துடிப்பதை அந்தப் பெண் காட்டிக்கொடுத்துவிட்டாள். அந்தப் பையன் கேட்டிராவிட்டால் அவளுக்கும் தோன்றியிருக்காது. சம்பளத்தில் வராத இந்த வரும்படிக்காகத்தான் பலர் இன்னும் தமிழாசிரியர்களாக இருக்கிறார்கள் என்று நாங்கள் நம்புகிறோம்.

மலைவளத்தை விவரி என்று கேட்கும் வினாத்தாளில் ஆந்தையைப் பற்றிய கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. பாடத்தை முடிக்கிற அவசரத்தில் "உட்காருடா" என்று சொல்லிவிடுவதும் எளிது. அப்படி உட்காரவைக்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை எழுந்திருப்பதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையையாவது தேர்வுக்குக் கொடுக்காமல், வாய்விட்டு வாசிக்கவும் கேள்வி கேட்கவும் ஒதுக்குங்கள் என்று தென்காசி மாவட்டத் தமிழாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வகுப்பில் உங்களுக்குப் பதில் தெரியாமல் போன கேள்விகளை, பிள்ளைகள் கேட்ட அதே சொற்களில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு நான்கு பக்கம் வைத்திருக்கிறோம்.