டயருக்குத் தண்ணி ஏத்துங்க, ஆளை ஏத்தாதீங்க



மழை பிடித்துக்கொண்டால் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. டிரெய்லர் நிறையக் குலை. மேட்டில் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், சேறுதான் பறக்கும். உடனே மண்டோர், "ரெண்டு பேரு மட்காட்டு மேல ஏறுங்கடா, பாரம் பத்தல!" என்பார். வாலிப வயசில் நானும் அப்படி ஏறியவன்தான். என்னோடு ஏறியவர் ஒருநாள் வழுக்கி விழுந்தார். பின் சக்கரம் காலில் ஏறியது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஆபீசில் எழுதினார்கள். ஏறச் சொன்னது யார் என்று எழுதவில்லை.

பாரம் வேண்டும் என்பது வாஸ்தவம். பின் சக்கரம் மண்ணை அழுத்தினால்தான் பிடிப்பு. ஆனால் அந்தப் பாரம் மனுஷனாக ஏன் இருக்க வேண்டும்? தண்ணீர் இருக்கிறதே! ஜாக்கி போட்டு, டயரின் வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு மட்டம் வரை தண்ணீர் விட வேண்டும். முக்கால் பாகம் நிறையும். மிச்சத்துக்குக் காற்று. முழுக்க நிரப்பினால் டயர் கல்லாகிவிடும், குலுக்கலைத் தாங்காது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. பெரிய பின் டயர் ஒன்று 200 லிட்டருக்கு மேல் கொள்ளும். குளிர் நாட்டில் தண்ணீர் உறையாமலிருக்க உப்பு கலப்பார்கள், அது ரிம்மை அரிக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, வெறும் தண்ணீரே போதும்.

ஒர்க்‌ஷாப் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீர் விட்ட சக்கரத்தை அப்படியே கழற்றாதீர்கள். சாய்ந்தால் ஆளை நசுக்கிவிடும். முதலில் தண்ணீரை இறக்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில துரைமார், "தண்ணி ஊத்தியாச்சே, இன்னும் கொஞ்சம் குலை ஏத்து" என்பார்கள். டன் கணக்குக் காசுக்காக நம்மவர்களும் தலையாட்டுவதுண்டு. தண்ணீர் பிடிப்புக்கு, கூடுதல் சுமைக்கு அல்ல. பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும். மேட்டிலோ, கொக்கியை உயரத்தில் மாட்டினால் முன் சக்கரம் தூக்கும். கொக்கி தாழ்வாக இருக்கட்டும், மூக்கில் இரும்புப் பாரம் கேளுங்கள்.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022ல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. உடனடி ஆபத்தைச் சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால், நாம் அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காகத் தண்டிக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசிக்கும் இதே சட்டம்தான், அவர்களுக்கும் சொல்லுங்கள். நாளைக் காலைப் பெரட்டில் மண்டோர் "ஏறு" என்றால், "டயருக்குத் தண்ணி விட்டாச்சா அண்ணே?" என்று கேளுங்கள்.