வயலை மறந்தவரைச் சோம்பேறி என்னலாமா?

நெற்பயிரில் இலை வெளுத்தால், பயிருக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்லுவதில்லை. வேரைப் பிடுங்கிப் பார்க்கிறோம்; தழைச்சத்துக் குறைவோ, துத்தநாகக் குறைவோ, வடிகால் கெட்டதோ என்று விசாரிக்கிறோம். மனிதன் வெளுத்துப்போனால் மாத்திரம் விசாரணையின்றித் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இக்குற்றத்தை நானும் செய்தவன் என்பதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

2021ஆம் வருஷம் சம்பா போகத்தில், கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றில், ஐந்து ஏக்கர் சொந்த நிலமுள்ள ஒருவருடைய வயலைச் செயல்விளக்கத்திற்கு எடுத்திருந்தேன். முந்திய வருஷங்களில் நான் போகுமுன்பே வரப்பில் காத்து நிற்பவர் அவர். அவ்வருஷமோ மேலுரம் இடவேண்டிய நாள் கடந்தும் யூரியா மூட்டை திண்ணையிலேயே கிடந்து, மழைச் சாரலில் கட்டியாய் இறுகிப்போயிற்று. களையும் எடுக்கவில்லை. என் பதிவேட்டில், “விவசாயி அசிரத்தையுள்ளவர், அடுத்த போகத்திற்கு இவ்வயல் உகந்ததன்று” என்று எழுதிவிட்டு வந்தேன்.

உண்மையைக் கண்டவர் அவ்வூர்த் தலையாரி. “ஐயா, தண்ணீர் முறைக்கு முதலில் வந்து சண்டை போடுகிறவர், இரண்டு முறையாக மடைப்பக்கமே வரவில்லை. எனக்கென்னவோ பயமாயிருக்கிறது” என்றார். வீட்டில் விசாரித்தபோது, ஒரு மாதமாய் அவர் இரவு மூன்று மணிக்கே விழித்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதாகவும், சோறு இறங்கவில்லையென்றும், தம்மால் குடும்பத்திற்குக் கேடு என்றே பேசுவதாகவும் அவர் மனைவியார் சொன்னார். கடன் தொல்லை என்று ஊரார் ஊகித்தனர். அவருக்குச் சொல்லத்தக்க கடன் ஏதுமில்லை. கடனும் வறட்சியும் இவ்வியாதியை வரவழைக்கக்கூடும் என்பது மெய்யே. ஆயினும் கடனில்லாதவனுக்கு இது வராது என்று எண்ணுவது பிழை. பெண்களுக்கு, விசேஷமாகப் பிரசவத்திற்குப் பின், இது நேருவதும் உண்டு. அதைப் பேய்க்கோளாறு என்று சொல்லி நாட்களைக் கழிக்கிறோம்.

இரண்டு வாரத்திற்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டிருப்பதும், விருப்பமான காரியத்திலும் நாட்டமின்மையும், தூக்கமும் பசியும் மாறுவதும், சிறு விஷயத்தையும் தீர்மானிக்க இயலாமையும் மனச்சோர்வு நோயின் குறிகள். “தைரியமாயிரு” என்பது முறிந்த காலுக்கு “நட” என்று சொல்வதை ஒக்கும்.

தலையாரியே அவரைப் பஸ் ஏற்றி ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். முதல் பத்து நாளில் மருந்தினால் யாதொரு குணமும் காணவில்லை; நிறுத்திவிடலாம் என்றனர் உறவினர். இம்மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகுமென்பதை வைத்தியர் முன்பே சொல்லியிருந்தது நல்லதாயிற்று. நான்காம் வாரத்தில் தூக்கம் வந்தது. பொங்கலுக்குள் தெளிந்துவிட்டார், அப்போதும், குணமான பின் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடரவேண்டும் என்றே உத்தரவாயிற்று.

இத்தகையவரிடம், உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேரே கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய் உண்டாகாது, கேட்காதிருப்பதே அபாயம். உண்டென்றால் அவரைத் தனியே விடலாகாது. கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் பேசக்கூடிய ‘டெலிமானஸ்’ தொலைபேசி எண் 14416. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்திலிருந்தவர் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது என்பது 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம். கிராமாதிகாரிகள் இதை அறிந்திருப்பார்களானால், போலீசுக்குப் பயந்து வீட்டார் மறைக்க நேராது. பாக்கித்தொகையைத் தெருவில் நின்று கூவிக் கேட்கும் வழக்கத்தையும் அவர்கள் விட்டொழிப்பது நலம்.

எங்கள் இலாகாவைச் சேர்ந்த காரியமும் ஒன்றுண்டு. வீட்டு இறவாணத்தில் பூச்சிமருந்தைச் செருகி வைக்கிறோம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், சென்னையிலுள்ள ‘சிநேகா’ சங்கத்தார் பொதுவிடத்தில் பூட்டுள்ள பெட்டிகள் அமைத்து, விவசாயிகள் மருந்தை அங்கேயே வைத்தெடுக்கும் ஏற்பாட்டைச் சோதித்தனர். 2013இல் அதன் முடிவுகள் வெளியாயின. விவசாயிகள் அதை ஏற்றனர்; மருந்தருந்தி மாள்வதும் குறைந்தது. விபரீத எண்ணம் பெரும்பாலும் சிறிது நேர வேகமே. அவ்வேளையில் கைக்கெட்டாத தூரத்தில் மருந்து இருப்பது உயிரைக் காக்கிறது.

கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் ஓர் அறை ஒதுக்கித் தரக்கூடிய ஊரார் குறுவைக்கு முன் எனக்குத் தெரிவித்தால், பெட்டி செய்விக்கும் முறையையும் சாவி வைக்கும் ஏற்பாட்டையும் நேரில் வந்து விளக்குகிறேன். தெளிந்த அந்த விவசாயியும் உடன்வரச் சம்மதித்திருக்கிறார்.