பொய் இலவசம், உண்மைக்குக் கட்டணம்

1/ நம்ம நாட்டுல மருத்துவப் பொய் இலவசமா கிடைக்குது. மருத்துவ உண்மைக்குத்தான் காசு கட்டணும். இது அநியாயம்னு சொல்லத்தான் இந்த இழை. நீளம்தான், பொறுமையா படிங்க. எழுதுறது வல்லத்திராக்கோட்டையில ஓபி பார்க்கிற ஒரு அரசு எம்பிபிஎஸ் டாக்டர்.

2/ 2018 ஜூலை, திருப்பூர். யூடியூப் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததுல, அதிக ரத்தப்போக்கால ஒரு ஆசிரியை இறந்துபோனாங்க. படிச்ச குடும்பம். தப்பான தகவல் ஒரு பைசா செலவில்லாம கைக்கு வந்ததோட விலை ஒரு தாயோட உயிர்.

3/ அதுக்கு முந்தின வருஷம், 2017 பிப்ரவரியில தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம். வாட்ஸ்அப் வதந்தியால பெற்றோர் பயந்து, முகாம் தேதியையே நீட்டிக்க வேண்டி வந்தது. இந்த மாதிரி பயத்துக்கெல்லாம் ஒரு மூலம் உண்டு. தடுப்பூசியால ஆட்டிசம் வரும்னு சந்தேகம் கிளப்பி 1998ல லான்செட் இதழ்ல வந்த கட்டுரை. வெறும் 12 குழந்தைகளை வச்சு எழுதினது. 2010ல லான்செட்டே அதைத் திரும்பப் பெற்றுடுச்சு. கட்டுரை செத்துப்போச்சு, ஃபார்வர்டு மட்டும் இன்னும் சாகலை.

4/ சரி, உண்மை எங்கே இருக்கு? நல்ல ஆய்வுக் கட்டுரை பலதும் பூட்டுக்குள்ள. ஒண்ணைத் திறக்க 30, 40 டாலர் கேக்குறாங்க. 2024 நவம்பர்ல மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 3 வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 இதழ்கள். நல்ல திட்டம், மறுக்கலை. ஆனா யாருக்கு? அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும். ஆரம்ப சுகாதார நிலையம் அந்தக் கணக்குல வராது. பணம் கட்டுற நீங்களும் வரமாட்டீங்க.

5/ "கூகுள்ல தட்டினா எல்லாம் வருதே டாக்டர்?" வரும். ஆனா தேடுறது ஒரு தொழில். 2001ல அமெரிக்காவோட ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல, ஆஸ்துமா ஆய்வுக்காக ஒரு ஆரோக்கியமான 24 வயசுப் பெண்ணை ஹெக்சாமெத்தோனியம்ங்கிற மருந்தை மூச்சுல இழுக்க வச்சாங்க. நுரையீரல் கெட்டு, ஒரு மாசத்துக்குள்ள இறந்துட்டாங்க. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும்னு 1950கள்லயே கட்டுரைகள் இருந்தது. ஆய்வாளர் தேடின இணையத் தொகுப்பு அப்போ 1966க்கு முன்னாடி போகாது. பழைய தொகுதிகளைப் புரட்டத் தெரிஞ்ச ஒரு நூலகரைக் கேட்டிருந்தா அது கண்ணுல பட்டிருக்கும்.

6/ இன்னொண்ணு. குறைமாசப் பிரசவம் ஆகப்போற தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டா குழந்தையோட நுரையீரல் தேறும்னு 1972லயே நியூசிலாந்துல காட்டிட்டாங்க. அதுக்கப்புறமும் ஆய்வுகள் வந்துகிட்டே இருந்தது. எல்லாத்தையும் தேடிச் சேர்த்து ஒண்ணா வச்சுப் பார்க்கவே 1989 ஆச்சு. நடுவுல பிழைச்சிருக்க வேண்டிய பல்லாயிரம் குழந்தைகள் உலகம் முழுக்கப் போயிடுச்சு. மருந்து இருந்தது, ஆதாரமும் இருந்தது. அதைத் தேடித் தொகுத்துச் சொல்ல ஆள் இல்லை.

7/ அந்த ஆளுக்குப் பேர்தான் மருத்துவ நூலகர். எது புது ஆய்வு, எது திரும்பப் பெற்றது, எது எலியில செஞ்சது, எது காசு வாங்கிட்டுப் போட்ட போலி இதழ்னு பிரிச்சுத் தர்றது அவங்க வேலை. நம்ம கல்லூரிகள்ல அவங்களைப் புத்தகத்துக்கு முத்திரை குத்துற ஆளா மட்டும் வச்சிருக்கோம்.

8/ இது நடக்கறது எந்த மாநிலத்துல? இந்திய நூலகவியலோட தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில பிறந்தவர். நாடு சுதந்திரம் அடைஞ்சதும் வந்த முதல் பொது நூலகச் சட்டம், 1948ல இங்கே, சென்னை மாகாணத்துல போட்டது. இன்னைக்கும் உங்க சொத்து வரியில ரூபாய்க்கு 10 காசு நூலக வரியா போகுது. அப்போ கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கா இல்லையா?

9/ ஏற்கெனவே இலவசமா இருக்கிறதையாவது சொல்றாங்களா? காக்ரேன்னு ஒரு அமைப்பு, ஒரு சிகிச்சை பத்தின ஆய்வுகளையெல்லாம் தேடிச் சேர்த்து எடை போட்டுச் சொல்லுது. அதோட தெற்காசியப் பிரிவு நம்ம வேலூர் சிஎம்சியில வளர்ந்தது. பல முடிவுகளோட எளிய சுருக்கம் தமிழ்லயே இருக்கு, ஒரு பைசா வேண்டாம். எத்தனை பேருக்குத் தெரியும்? பத்து ஃபேமிலி குரூப்ல ஒண்ணுலயாவது வந்திருக்கா?

10/ பத்திரிகை, சேனல் நண்பர்களே: "ஆய்வில் தகவல்"னு மொட்டையா போடாதீங்க. எந்த ஆய்வு, எந்த இதழ், எத்தனை பேர், மனுஷனா எலியா? நாலே விவரம், ஒரே வரி. அது இல்லாத மருத்துவச் செய்தி விளம்பரத்துக்குச் சமம்.

11/ அரசுக்கு மூணு கோரிக்கை.
- சந்தாத் திட்டத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பொது நூலகத்துக்கும் திறந்துவிடுங்க.
- ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி நூலகரையும் அந்த மாவட்ட டாக்டர்கள், செவிலியர்கள் ஃபோன்ல கேக்குற மாதிரி வைங்க.
- மக்கள் வரிப்பணத்துல நடக்கிற ஆய்வு எதுவும் பூட்டுக்குள்ள போகக்கூடாது.

12/ உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அடுத்த ஃபார்வர்டு வரும்போது "இது எந்த ஆய்வுங்க?"ன்னு குரூப்ல கேளுங்க. பதில் வரலைன்னா அதை அங்கேயே நிறுத்துங்க. மாத்திரையை மட்டும் உங்க டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க.