பள்ளி நாடகமும் தேசத்துரோக வழக்கும்: பீதர் தீர்ப்பு விட்டுச்சென்ற கேள்வி

புது டெல்லி: கவிதை, நாடகம், திரைப்படம், நையாண்டி உள்ளிட்ட கலைகள் மனித வாழ்வுக்கு மேலும் பொருள் சேர்ப்பவை என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 28-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் குறிப்பிட்டது. காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி வெளியிட்ட காணொலியில் ஒலித்த கவிதைக்காக, குஜராத்தின் ஜாம்நகர் காவல்துறை பதிந்த வழக்கு அத்தீர்ப்பால் ரத்தானது. வழக்குப் பதிவாகி மூன்று மாதங்கள் நிறைவதற்குள் அவருக்குத் தீர்வு கிடைத்தது. கர்நாடகத்தின் பீதரில் உள்ள ஷாஹீன் பள்ளி இதே போன்ற தீர்வுக்காக மூன்று ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தது.

2020 ஜனவரியில் அப்பள்ளியின் 4, 5, 6-ஆம் வகுப்பு மாணவர்கள் குடியுரிமை திருத்தச் சட்டத்தை விமர்சிக்கும் நாடகம் ஒன்றை நடித்தனர். அதன் காணொலி முகநூலில் பரவியது. பிரதமரை இழிவுபடுத்தும் வசனம் இடம்பெற்றதாகக் கூறி ஒருவர் அளித்த புகாரின் பேரில் தேசத்துரோகப் பிரிவில் வழக்குப் பதிவானது. தலைமை ஆசிரியையும் மாணவி ஒருவரின் தாயாரும் கைதாகி, சுமார் இரு வாரங்கள் சிறையில் இருந்தனர். நாடகத்தில் நடித்த குழந்தைகளிடமும் காவல்துறை பலமுறை விசாரணை நடத்தியது.

காவலர்கள் சீருடையுடனும் ஆயுதத்துடனும் குழந்தைகளை விசாரித்தது சிறார் நீதிச் சட்ட விதிகளுக்கு முரணானது என 2021 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் முதல்நோக்கில் கருதியது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்த அன்றைய தலைமை நீதிபதி அபய் எஸ். ஓகாவே, பின்னர் உச்ச நீதிமன்றத்தில் இம்ரான் வழக்கின் தீர்ப்பை எழுதினார்.

2023 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் கலபுரகி அமர்வு வழக்கை ரத்து செய்தது. நாடகம் வன்முறையைத் தூண்டவில்லை என்றும், பொது அமைதியைக் குலைக்கும் நோக்கம் அதில் இல்லை என்றும் கூறியது. அத்துடன் நில்லாமல், அரசின் கொள்கைகளை விமர்சிக்க மாணவர்களுக்குக் கற்பிக்கலாகாது, நடப்பு அரசியலைத் தொடும் நாடகங்கள் இளம் மனங்களைக் கெடுக்கக்கூடும் என்ற அறிவுரையையும் சேர்த்தது.

வழக்கை ரத்து செய்வதற்கு இந்த அறிவுரை தேவைப்படவில்லை. ஆயினும் பள்ளி நிர்வாகிகளின் நினைவில் நிற்கப்போவது இதுவே. பெரியவர்களின் கோபத்தைக் குழந்தைகளின் வாயில் ஏற்றிவிடும் அபாயம் உண்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அது பெற்றோர் கூட்டத்திலோ, மிஞ்சினால் கல்வித்துறை அலுவலர் முன்போ பேசித் தீர்க்க வேண்டியது. காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டியதன்று. மேலும், அரசுத் திட்டங்களைப் போற்றும் நாடகங்கள் ஆண்டு விழா தவறாமல் மேடையேறுகின்றன. அவற்றை எவரும் அரசியல் என்று அழைப்பதில்லை.

கல்விக் கொள்கையோ வேறு திசையைக் காட்டுகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கலைக்கும் அறிவியலுக்கும் இடையே கறாரான பிரிவினை கூடாது என்கிறது. விமர்சனச் சிந்தனையை வளர்க்கச் சொல்கிறது. 2023-இல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, கலைக் கல்வியைப் பாடத்துறையாகவே ஏற்றது. அதையொட்டி என்சிஇஆர்டி ஆறாம் வகுப்புக்கு வெளியிட்ட ‘கிருதி’ பாடநூலில் நாடகத்துக்கும் இடம் உண்டு. நாடகம் பாடமாகிவிட்ட பின், வீட்டில் பெற்றோர் கவலையுடன் பேசுவதை மாணவர் மேடைக்குக் கொண்டுவரும்போது ஆசிரியர் என்ன செய்வது? பீதரில் நடந்ததை அறிந்த ஆசிரியர் பாதுகாப்பான கதையையே தேர்ந்தெடுப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இம்ரான் வழக்கின் தீர்ப்பு ஒரு தடுப்பை முன்வைத்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி, மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் நிலையிலான அதிகாரியின் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். பேச்சு, எழுத்து, கலை தொடர்பான புகார்களில் வழக்குப் பதிவுக்கு முன்பே இவ்வழியைப் பின்பற்றுவது பொருத்தமானது என்றது உச்ச நீதிமன்றம்.

ஆனால் பழைய தேசத்துரோகப் பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவில் வந்துள்ள 152-ஆவது பிரிவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். அது 173(3) குறிப்பிடும் வரம்புக்குள் வராது. எனவே பீதர் நாடகம் போன்ற ஒன்றின் மீது இன்று அப்பிரிவில் புகார் எழுந்தால், அந்த 14 நாள் அவகாசம் பள்ளிக்குக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.